ஒரு லிட்டர் கருப்பு இங்க்

நிவேதா,

சூரியன் சாட்சியாக, சந்திரன் சாட்சியாக, நம் கடை வாசலில் காலை நீட்டிப் படுத்திருக்கும் அந்தச் சொறிநாய் சாட்சியாகச் சொல்கிறேன்: இந்தக் கடிதத்தில் ஒரு கதை வரும், அதை ஒருவரும் நம்பமாட்டார்கள். நீ நம்பமாட்டாய். உன் அம்மா பாதி படிக்கும்போதே அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று எழுந்து போய்விடுவாள். குடவாசல் கடைத்தெருவே என்னை 'அளப்பு மாமா' என்றுதான் கூப்பிடுகிறது. ஐப்பசி மழையில் கடைக்குள் புகுந்த கெண்டைமீன் பேனரில் இருந்த தாமரையைக் கடித்துத் தின்றது என்று சொன்னவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? இருந்தாலும் எழுதுகிறேன். நேரில் சொல்லலாம் என்று மூன்று தடவை உன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றேன். மூன்று தடவையும் "ஃபேனைக் கொஞ்சம் குறைச்சு வையேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். படியேறினால் முழங்கால் வலிக்கிறது, பேச நினைத்தால் வாய் தானாக வேறு கதைக்குப் போய்விடுகிறது. எழுத விரல் மட்டும் போதும், அது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

போன வாரம் உன் கல்யாண பேனரை நீயே கம்ப்யூட்டரில் செய்துகொண்டிருந்தாய். நடுவில் நீயும் மாப்பிள்ளையும், சுற்றிலும் சொந்தக்காரர்கள் முகம் வைக்க வட்டம் வட்டமாக இடம். நம் பக்கத்தில் அந்த வட்டம் எப்படிப்பட்ட விஷயம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாமன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சித்தப்பன் முகம் வந்ததற்காக இலையில் உட்கார்ந்தவர் எழுந்து போனதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடைசி வட்டம் காலியாக இருந்தது. "அப்பா, சேகர் சித்தப்பா போட்டோ வேணாம்ல? நம்ம மெஷின் ஹெட்டைக் காலி பண்ணினவருக்கு எதுக்கு வட்டம்?" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். நீ அந்த வட்டத்தை அழித்தாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்கு இட்லியில் நிறுத்திக்கொள்கிறேன் என்றால் பார்த்துக்கொள்.

அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் மெஷின். கல்யாணம் முடிந்ததும் மெஷினைத் திருப்பனந்தாளுக்குக் கொண்டுபோய் உன் மாமனார் வீட்டு முன்னறையில் கடை போடப்போகிறாய். வேறு பெண்கள் பீரோவும் கட்டிலும் கொண்டுபோவார்கள். என் மகள் எட்டடி அகலத்துக்கு அச்சடிக்கும் ஒரு யானையைக் கொண்டுபோகிறாள். டிசைனில் நீ என்னைவிட ஆயிரம் மடங்கு கெட்டிக்காரி. ஆனால் மெஷினின் வயிற்றுக் கோளாறையெல்லாம் இதுவரை நான்தான் பார்த்தேன். இனிமேல் அந்த வேலையும் உன்னுடையது. எனக்கு அலுத்துவிட்டது, நிவேதா. இந்த இங்க் வாசனை என் மூக்கில் குடியேறி எத்தனையோ வருஷமாகிறது. மல்லிகைப்பூவை முகர்ந்தாலும் எனக்கு மெஷின்தான் ஞாபகம் வருகிறது.

முதல் விஷயம், மெஷினைச் சும்மா போடாதே. கம்பெனிக்காரன் இங்க் நமக்குக் கட்டுப்படியாகாது, லோக்கல் இங்க்தான் ஊற்றுகிறோம். ஊற்றலாம், தப்பில்லை. ஆனால் அது, இங்க்கைப் பீச்சும் ஹெட்டில் இருக்கும் துளைகளில் சீக்கிரம் காயும். அந்தத் துளை ஒரு தலைமுடி நுழையாத அளவு. வேலை இருக்கிறதோ இல்லையோ, காலையில் கடை திறந்ததும் துளையெல்லாம் ஒழுங்காகப் பீச்சுகிறதா என்று சோதனைக் கோடு போட்டுப் பார். அப்புறம் கழிவு ஃப்ளெக்ஸில் நான்கு நிறத்தையும் ஒரு சாண் ஓட்டிவிடு. உன் பெரிய தாத்தா இறந்தபோது பதினாறு நாள் தீட்டு என்று கடையைப் பூட்டினேன். சாவுக்குக் கண்ணீர் அஞ்சலி அடிக்கிற கடை, நம் வீட்டுச் சாவுக்கு மூடிக் கிடந்தது. பதினேழாம் நாள் திறந்து பார்த்தால் சோதனைக் கோட்டில் மஞ்சள் என்ற நிறமே இல்லை. அதற்குப் பிறகு எந்தத் தீட்டிலும் பின்கதவு வழியாக நுழைந்து ஒரு சாண் ஓட்டிவிட்டுத்தான் மறுவேலை. "சாவு வீட்டுக்காரர் மெஷினைத் தொடலாமா?" என்று உன் அம்மா கேட்டாள். "மெஷினை எங்கடி தொட்டேன்? பட்டனைத்தானே தொட்டேன்" என்றேன். உன் மாமியாரிடம் நீயும் அதையே சொல்லிக்கொள்.

அடுத்தது தூசி. இங்கே எதிரில் நெல் கொள்முதல் நிலையம். தை, மாசியில் அங்கே தூற்றுகிற பதரெல்லாம் நம் கடைக்குள் வந்து குடியிருக்கும். அந்தத் தூசியில் ஒரு துகள் ஹெட்டைத் துடைக்கும் ரப்பரில் ஒட்டினால், ரப்பர் அதையே எடுத்துத் துளையில் அடைத்துவிடும். திருப்பனந்தாளிலும் அறுவடை உண்டு, டிராக்டர் உண்டு. அதனால் தெருப்பக்க ஜன்னலை மூடி வை. சாயங்காலம் கடை அடைக்கும் முன், ஹெட் உட்கார்ந்து ஓய்வெடுக்கும் அந்த மூடியையும் ரப்பரையும் ஸ்பாஞ்ச் முனை வைத்த நுரைக்குச்சியால் துடை. பஞ்சால் துடைக்காதே, நூல் விடும். துடைத்த பிறகு மூடியில் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, அதன்மேல் ஹெட்டை உட்கார வை. ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஹெட் நடுவழியில் திறந்த வாயோடு நின்றுவிடும். ஸ்விட்சை அணைத்துவிட்டு, கையால் மெல்லத் தள்ளி மூடிமேல் சேர்த்துவிடு. கரண்ட் வரட்டும் என்று வாசலில் நின்று எதிர்க்கடைக்காரியோடு பேசிக்கொண்டிருக்காதே. நான் பேசியிருக்கிறேன். ஒரு தடவை பேச்சு முடிவதற்குள் ஹெட் காய்ந்து கருவாடாகி, கடைத்தெருப் பூனையெல்லாம் வாசலில் வரிசையில் நின்றது.

ஒழுகல் தனி வியாதி. இங்க் பாட்டிலை ஹெட்டைவிட உயரத்தில் வைக்காதே, வைத்தால் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுகிற மாதிரி அது தானாக இறங்கும். லோக்கல் இங்க்கில் இருக்கும் சில சரக்கு, குழாய் மூட்டில் இருக்கும் ரப்பர் வளையத்தை ஊறவைத்து ஊதவைத்துவிடும். வாரம் ஒருநாள் ஒவ்வொரு மூட்டுக்கும் அடியில் வெள்ளைக் காகிதத்தை ஒற்றிப் பார். நிறம் தெரிந்தால் அன்றே வளையத்தை மாற்று, நாளைக்கு என்று சொல்லாதே. அச்சில் கோடு விழுந்தால் உடனே கிளீனிங், கிளீனிங் என்று மெஷினைப் போட்டு உறிஞ்சவைக்காதே. ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு. அப்படியும் சரியாகவில்லை என்றால் ஒரு மணி நேரம் விட்டுவிடு. தொண்டையில் முள் சிக்கியவன் முதுகில் விடாமல் குத்தினால் என்ன ஆகும்?

கடைசியாக ஒன்று. ஒரு கம்பெனி இங்க்கின்மேல் இன்னொரு கம்பெனி இங்க்கை ஊற்றாதே. நிறம் ஒன்றாக இருக்கலாம், சரக்கு வேறு. மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் குழாயைக் காலி செய், கழுவு, பிறகு ஊற்று. அரை நாள் போகும், போகட்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

நீ ஐந்தாவது படித்த வருஷம். தை மாதம், முகூர்த்தத்துக்கு முதல் நாள். நானும் சேகரும் சேர்ந்து நடத்திய கடை அது. வாய் என்னுடையது, கை அவனுடையது. மறுநாள் கல்யாணத்துக்கு இருபதடி பேனர் பாக்கி, கருப்பு இங்க் தீர்ந்துவிட்டது. தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் வரவேண்டிய பார்சல் வரவில்லை. ஊர் ஊராக வந்து விற்கும் ஒருவன் கொடுத்துவிட்டுப் போன வேறு கம்பெனிக் கருப்பு ஒரு லிட்டர் அலமாரியில் இருந்தது. எடுத்து நீட்டினேன். சேகர் கை நீட்டவில்லை.

"அண்ணே, இது வேற சரக்கு. உள்ள மிச்சம் இருக்கறதோட சேர்ந்தா திரிஞ்சிடும். லைனைக் காலி பண்ணிக் கழுவிடறேன். மூணு மணி நேரம் குடுங்க."

"மூணு மணி நேரமா? முகூர்த்தத்தைத் தள்ளி வெக்கச் சொல்லவாடா? கருப்புல என்னடா உசந்த கருப்பு, தாழ்ந்த கருப்பு?"

"பசிக்குதுண்ணே. சாப்பிட்டு வந்து கழுவறேன். அதுவரைக்கும் தொடாதீங்க."

அவன் சாப்பிடப் போனான். நான் பாட்டிலைத் திறந்து முழுவதையும் மெஷினில் ஊற்றினேன். ஓட்டவும் ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கடைத்தெருவில் நான் சொல்லிக் கேட்டிருப்பாய். கருப்பு நின்றுபோனதால் மாப்பிள்ளை தலையில் பாதி முடி உதிர்ந்தது, மீசை பறந்தது, மாமனார் கோட்டு வேட்டியாக மாறியது. சேகர் ஓடிவந்து மெஷினின் இங்க் பாட்டிலைத் திறந்து பார்த்தான், உள்ளே பால் திரிந்த மாதிரி கட்டி கட்டியாக இருந்தது. "சும்மா நிக்காதடா, கிளீனிங் குடு" என்று கத்தினேன். "வேணாம்ணே" என்றான். நானே பட்டனை அழுத்தினேன், ஏழு தடவை. ஏழாவது தடவையில் எங்கோ ஒரு மூட்டு விட்டது, கருப்பு பீறிட்டு வாசல் தாண்டி, சாக்கடை தாண்டி, குடமுருட்டியில் போய் விழுந்தது. மூன்று நாள் ஆறு கருப்பாக ஓடியது. கீழ்க்கரை வயலில் நாற்று கருப்பாக முளைத்தது. அந்த நெல்லில் வடித்த சோறும் கருப்பு என்று கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பட்டனில் சேகரின் விரலை வைத்து இதை நான் சொல்லும்போதெல்லாம் ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். நீயும் சிரித்திருக்கிறாய். இத்தனை வருஷம் ஆற்றில் நான் ஏன் அவ்வளவு கருப்பை ஓடவிட்டேன் தெரியுமா? ஊர் சிரித்துக்கொண்டிருக்கும்வரை, பாட்டிலைத் திறந்தது யார் என்று யாரும் கேட்பதில்லை.

பெண்ணின் அப்பா பேனரை வாங்கப் பத்துப் பேரோடு வந்தார். ஒழுகிய சொட்டில் ஒன்று பெண்ணின் கன்னத்தில் விழுந்திருந்தது. "திருஷ்டிப் பொட்டுங்க, நாங்களாவே வெச்சு குடுத்திருக்கோம்" என்றேன். அந்த மனிதர் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் மகள் முகத்தில் கருப்பு வழிந்திருப்பதைப் பார்த்த தகப்பன் எப்படிச் சிரிப்பான்? அப்போது எனக்கு அது புரியவில்லை, இந்த வாரம்தான் புரிந்தது.

"யாருய்யா மெஷின் ஓட்டினது?" என்று கேட்டார். டீக்கடையில் நின்றவர்கள், செருப்புக் கடைக்காரர், பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் எல்லாம் திரும்பிப் பார்த்தது.

"தம்பிதாங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சொன்னா கேக்கறதில்லீங்க, அவசரக்குடுக்கை" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

சேகர் என்னைப் பார்த்தான். நான் பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவன் அவரிடம் போய்க் கையைக் கூப்பி, "மன்னிச்சுக்குங்க" என்றான். அவர் விடவில்லை, "உன் கையில இனிமே எவனாவது மெஷினைக் குடுப்பானா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். அவர் சொன்னபடியே ஆனது. ஹெட் போய்விட்டது, ஹெட்டைக் கெடுத்தவன் என்ற பெயர் ஒரே வாரத்தில் குடவாசல் முழுக்கப் பரவியது, இங்கே ஒருவரும் அவனை மெஷின் பக்கம் விடவில்லை. அவன் நன்னிலம் போனான். யாருடைய கடையிலோ ஆறு வருஷம் பேனருக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான், அப்புறம்தான் சொந்தக் கடை. இவ்வளவும் நடக்கும்போது நான் இங்கே ஆற்றில் கருப்பு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

உன் அம்மாவுக்கு அன்றைக்கே தெரியும். சட்டையைத் துவைக்கப் போட்டவள் அதைத் தூக்கிப் பிடித்து, "கைமடிப்பு ரெண்டுலயும் கருப்பா இருக்கே, நீங்க மெஷினையே தொடலைன்னீங்க?" என்றாள். "அவனுக்குத் துணி எடுத்துக் குடுத்தேன், பட்டிருக்கும்" என்றேன். சட்டையை வாளியில் போட்டாள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் நான் அந்தக் கருப்பு ஆற்றுக் கதையை ஆரம்பித்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள், நீ கவனித்திருப்பாய்.

நேற்று முன்தினம் மருத்துவரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேனே, பொய். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், உன் கல்யாணப் பத்திரிகை எடுத்துக்கொண்டு நன்னிலம் பஸ் ஏறினேன். சேகர் மெஷின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"வாங்கண்ணே. கால் வலி எப்படி இருக்கு?"

"கால் இருக்குடா, நடக்கறதுதான் நின்னு போச்சு."

அவன் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு டீ சொன்னான். டீ வந்து ஆறிப்போகும்வரை அவன் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தட்டை நீட்டினேன்.

"சேகரு, அன்னிக்குக் கருப்பை நான்தான்டா ஊத்தினேன்."

"எனக்குத் தெரியுமேண்ணே. நான்தான் ஊத்தலையே."

"மன்னிச்சுடுறா."

அவன் துடைப்பதை நிறுத்தினான். "நிவேதாவுக்குத் தெரியுமா?"

ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தேன்.

"அவ என்னை என்னன்னு சொல்லுவா?"

"ஹெட்டைக் காலி பண்ணின சித்தப்பான்னு."

"அப்ப தெரியாதவங்ககிட்ட சொல்லுங்கண்ணே. தெரிஞ்சவன்கிட்ட வந்து எதுக்குச் சொல்றீங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. லைனைக் காலி செய்யச் சொல்கிற குரலில்தான் சொன்னான். தட்டை வாங்கி மெஷின்மேல் வைத்தான். பத்திரிகையைப் பிரிக்கவில்லை. பஸ் ஏற்றிவிட வந்தான், என் கையைப் பிடித்து ஏற்றினான், வருவேன் என்று மட்டும் சொல்லவில்லை.

அதனால் தெரியாதவளிடம் சொல்கிறேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவன் உன்னை மெஷின் பக்கத்தில் உட்காரவைத்து, கழிவு ஃப்ளெக்ஸில் கிளி வெட்டித் தருவான். அந்த மனிதனை நீ மறந்துபோகும்படி செய்தவன் நான். அவனை எப்படிக் கூப்பிடுவது, கூப்பிடலாமா, அந்த வட்டத்தைத் திரும்ப வைப்பதா என்பதெல்லாம் உன் முடிவு. அப்பா சொன்னார் என்று செய்யாதே. அப்பா சொன்னதை நம்பியதால்தான் அந்த வட்டத்தை அழித்தாய். ஆனால் ஒரு வேலை இருக்கிறது, அதை அவனைவிட நன்றாகச் செய்ய ஆளில்லை. மெஷினை லாரியில் ஏற்றுவதற்கு முன் பாட்டிலை எல்லாம் கழற்றி, குழாயில் இருக்கும் இங்க்கைக் காலி செய்து, கழுவி, ஹெட் ஆடாமல் பூட்டிக் கட்ட வேண்டும். கட்டாமல் ஏற்றினால், போகிற வழியிலேயே நான்கு நிறமும் ஒழுகி ஹெட்டுக்குள் ஏறிவிடும். மெஷினைப் படுக்கப்போட்டு ஏற்றவும் கூடாது. அந்த வேலைக்கு உன் சித்தப்பாவைக் கூப்பிட முடிந்தால் கூப்பிடு. பட்டப்பகலில், டீக்கடை நிறைய ஆள் இருக்கும்போது, நம் கடை வாசலில் அவன் கை அந்த மெஷினில் படட்டும்.

அன்றைக்கு நானும் டீக்கடை முன்னால் நிற்பேன். "ஊத்தினது நான்தான்யா, அவன் இல்லை" என்று சத்தமாகவே சொல்வேன். சொன்னால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். "அளப்பு மாமா புதுசா ஒண்ணு விடறாரு" என்று சிரிப்பார்கள், அடுத்து மீன் எப்போது வரும் என்று கேட்பார்கள். இத்தனை வருஷம் பொய் சொல்லிச் சம்பாதித்த பெயர், உண்மையைச் சொல்லப் போகும்போது குறுக்கே வந்து நிற்கிறது. அதனால் நீயும் என் பக்கத்தில் வந்து நில். நீ சிரிக்காமல் நின்றால், ஒருவேளை நம்புவார்கள்.

உனக்குக் கணக்குச் சரியாக இருக்கவேண்டும் என்பதற்காக இதையும் எழுதிவிடுகிறேன். குடமுருட்டி ஒருநாளும் கருப்பாக ஓடியதில்லை. ஒழுகியது மொத்தமும் ஒரு சாக்குத்துணியில் துடைக்கிற அளவுதான். கருப்பு நாற்று முளைக்கவில்லை, மூட்டை திரும்பி வரவில்லை. மாப்பிள்ளைக்கு முடி, மீசை எல்லாம் இருந்தது, ஊடே நான்கு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது, அவ்வளவுதான். இவ்வளவு பெரிய கதையில் சின்னதாக ஒன்று மட்டும் நிஜம். பாட்டில் என் கையில் இருந்தது, கேட்டபோது நான் தம்பி பெயரைச் சொன்னேன்.

அப்பா